சங்கு ஓய்ந்த ஊரில்: தங்கவயல் வீடுகளும் அவசரகால ஆயத்தமும்

ஆபத்து வந்தால் வீட்டை விட்டு உடனே கிளம்ப ஆயத்தமாக இருக்கச் சொல்லும் கையேடு எதை எடுத்தாலும், அது முதலில் ஒரு பையைப் பற்றித்தான் பேசும். மூன்று நாளைக்குத் தண்ணீர், கெடாத தின்பண்டம், டார்ச் லைட், மருந்து, சான்றிதழ் நகல், கொஞ்சம் ரொக்கம். ஜப்பானிய வீடுகளில் கதவோரம் வைத்திருக்கும் பையிலும் ஏறக்குறைய இவைதான் இருக்கும். இந்தப் பட்டியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதை எழுதியவர்கள் மனத்தில் ஒரு வீடு இருக்கிறது. அங்கே எந்நேரமும் திடகாத்திரமான பெரியவர் ஒருவராவது இருப்பார், எச்சரிக்கை வந்த மொழி அவருக்குப் புரியும், வாசலில் ஒரு வண்டி நிற்கும். கர்நாடகத்தின் பழைய சுரங்க ஊரான கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃபிலோ மாரிகுப்பத்திலோ வரிசையாகக் கட்டிய தொழிலாளர் லைன் வீடு ஒன்றைப் பகல் பதினோரு மணிக்கு நினைத்துப் பாருங்கள். மகன் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய்விட்டான். மருமகளும் வேலைக்குப் போயிருக்கிறாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். வீட்டில் இருப்பது சுரங்கத்தில் இறங்கி நுரையீரலைப் பறிகொடுத்த ஒரு தாத்தாவும், முழங்கால் வலியோடு ஒரு பாட்டியும். பை தயாராகத்தான் இருக்கிறது. அதைத் தூக்குவது யார்? தாத்தாவைத் தூக்குவது யார்? தங்கவயலில் அவசரகால ஆயத்தம் என்பது இந்த இரண்டு கேள்விகளிலிருந்து தொடங்க வேண்டும் என்பதும், தனி வீடாக நின்று அவற்றுக்கு விடை காண முடியாது என்பதும் என் வாதம்.

முதலில் இந்த ஊரின் பழைய ஏற்பாட்டைப் பார்க்க வேண்டும். 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி இங்கே கால் வைத்தது முதல், 2001 பிப்ரவரி 28-இல் பாரத் கோல்டு மைன்ஸ் (பி.ஜி.எம்.எல்.) சுரங்கங்களை மூடியது வரை, ஆபத்தை எதிர்பார்ப்பதும் அதற்கு ஆள் வைப்பதும் கம்பெனியின் வேலையாக இருந்தது. 1956-இல் மைசூர் அரசும் 1962-இல் மத்திய அரசும் சுரங்கத்தை ஏற்ற பிறகும் மக்கள் வாயில் அது கம்பெனிதான். வீடு கம்பெனி வீடு, தண்ணீர் கம்பெனி தண்ணீர், ஆஸ்பத்திரி கம்பெனி ஆஸ்பத்திரி. சங்கு ஊதினால் ஷிப்ட் மாறுகிறது என்று தெரியும். நேரம் தவறி ஊதினால் கீழே ஏதோ நடந்துவிட்டது என்றும் தெரியும். இதைக் கம்பெனியின் பெருந்தன்மை என்று நினைக்கக் கூடாது. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், பாறையே கொதிக்கும் சூட்டில், பாறை திடீரென உடையும் ராக் பர்ஸ்ட் எந்த நிமிடமும் வரலாம் என்ற நிலையில், மீட்புப் படை இல்லாமல் பொன் எடுக்க முடியாது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்தும் வந்த தலித் தொழிலாளர்களைத் தட்டி வீடுகளிலும் ஒற்றை அறை லைன்களிலும் நெருக்கி வைத்ததும் அதே கம்பெனிதான். 1940-களில் தங்கவயல் தொழிலாளர்களிடம் நடந்த மருத்துவ ஆய்வு, பரிசோதிக்கப்பட்ட ஏழாயிரத்துச் சொச்சம் பேரில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் கல்தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸ் பிடித்தவர்கள் என்று கண்டது. ஆக, காவலும் கேடும் ஒரே கையிலிருந்து வந்தன. 2001-இல் அந்தக் கை போனபோது காவல் அதோடு போயிற்று. கேட்டில் பாதி இங்கேயே தங்கிவிட்டது.

தங்கிவிட்டது எது என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பயத்தைப் பொதுவாகக் கிளப்பினால் ஆயத்தம் வளராது. பூமிக்கடியில் நூறாண்டுக்கு மேல் குடைந்த வெற்றிடங்கள் இருக்கின்றன. பாறையின் அழுத்தம் அவற்றின் ஓரங்களில் திரண்டு திடீரென உடைவதைத்தான் முன்பு ஏர் பிளாஸ்ட் என்றும் பின்னர் ராக் பர்ஸ்ட் என்றும் சொன்னார்கள். பெரிய உடைவுகளில் மேலே இருந்த கட்டடங்களும் குலுங்கி விரிசல் கண்டன. 1988-இல் தங்கவயலிலேயே தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தொடங்கப்பட்டதற்கு இந்த அனுபவமே காரணம். சுரங்கம் மூடி, நீர் இறைக்கும் பம்புகள் நின்றதும் அந்த வெற்றிடங்களில் தண்ணீர் ஏறியது. நீர் புகுந்த பழைய பிளவுகளில் பாறை நழுவி மேலே அதிர்வு உணரப்படுவதை அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நாட்டின் நிலநடுக்க வரைபடத்தில் கோலார் பகுதி குறைந்த ஆபத்துள்ள இரண்டாம் மண்டலமாகக் குறிக்கப்பட்டு வந்திருக்கிறது. அந்த வரைபடம் இயற்கை நிலநடுக்கத்துக்கானது. மனிதன் குடைந்த பள்ளத்தின் கணக்கு அதில் வராது. இதற்கு மேல் பொன் எடுத்தபின் மிஞ்சிய மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட அரைத்த மண், ஊரார் சொல்லும் சயனைடு மேடுகளாக நிற்கிறது. காற்றுக் காலத்தில் அது தூசியாக வீட்டுக்குள் வரும், பெருமழையில் சேறாகக் கரைந்து ஓடும். சுரங்கத்தை மூடுபவர் மூடல் திட்டம் ஒன்றைத் தர வேண்டும் என்ற விதி இந்தியாவில் 2003-இல் வந்தது. தங்கவயல் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே மூடப்பட்டுவிட்டது. ஓர் ஊரின் பாதுகாப்பு இப்படித் தேதிக் கணக்கில் நழுவிப் போனது பெரிய அநியாயம்.

இத்தனைக்கும் எதிரே ஒரு வீடு என்ன செய்ய முடியும்? தனியாக அதிகம் முடியாது. 1995-இல் ஜப்பானின் கோபே நகரை நிலநடுக்கம் தாக்கியபோது இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே இழுத்தவர்கள் வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும்தான். அரசுப் படையும் தீயணைப்பு வண்டியும் வருவதற்குள் முக்கியமான மணிநேரங்கள் கடந்துவிட்டிருந்தன. அத்தனை ஒழுங்கும் பணமும் உள்ள நாட்டிலேயே இப்படியென்றால், கம்பெனி ஆஸ்பத்திரி மூடிப்போன ஊரில் முதல் இரண்டு மணி நேரம் யாரை நம்புவது என்பதில் சந்தேகமே வேண்டாம். தங்கவயலுக்கு இதில் ஒரு வசதி உண்டு. லைன் என்ற அமைப்பே ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொள்ளும் வீடுகளின் வரிசை. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். வறுமையின் வடிவமாகக் கட்டப்பட்ட இந்த நெருக்கத்தை ஆபத்துக் காலத்தில் பலமாக மாற்றிக்கொள்ள முடியும், ஆனால் அது தானாக நடக்காது. பகல் வேளையில் லைனில் இருப்பவர் யார் யார், அவர்களில் நடக்க முடியாதவர் யார், மூச்சுக்கு இன்ஹேலரோ ஆக்சிஜனோ தேவைப்படுபவர் யார், படுத்த படுக்கையாக இருப்பவரைக் கட்டிலோடு தூக்க எந்த நான்கு பேர், ஆட்டோ வைத்திருப்பவர் யார், அவர் எந்த நேரத்தில் ஊரில் இருப்பார் என்று ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். பெயர் எழுதியாக வேண்டும் என்பதை வலியுறுத்துகிறேன். "எல்லோரும் வந்து உதவுவார்கள்" என்ற நம்பிக்கையில், படுத்திருக்கும் பெரியவரை யாராவது தூக்கியிருப்பார்கள் என்று எண்ணி ஒவ்வொருவரும் அவரைத் தாண்டி ஓடும் ஆபத்து ஒளிந்திருக்கிறது. இன்னார் இன்னாரைப் பார்க்க வேண்டும் என்று முன்பே முடிவாகியிருந்தால் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

வேலைக்குப் போனவர்களைப் பற்றியும் ஒரு முடிவு வேண்டும். தங்கவயலிலிருந்து நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் மாரிகுப்பம் ரயிலில் பங்காருபேட்டை வழியாகப் பெங்களூருக்குப் போய் இரவு திரும்புகிறார்கள். போகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஊரில் ஏதோ என்று செய்தி கிடைத்ததும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவது அவர்களின் முதல் உந்துதலாக இருக்கும். அது இயல்பு, ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் வீட்டில் இருப்பவர் அவர்களுக்காகக் காத்திருந்தால் உயிருக்கு ஆபத்து. ஜப்பானின் வடகிழக்குக் கடற்கரையில் 'தெண்டென்கோ' என்ற வழக்கம் உண்டு. ஆழிப்பேரலை வந்தால் அவரவர் இருக்கும் இடத்திலிருந்து நேரே மேட்டுக்கு ஓட வேண்டும், யாரும் யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது. கேட்கக் கல்நெஞ்சமாகத் தோன்றும். ஆனால் 2011 மார்ச் 11 அன்று ஆழிப்பேரலை தாக்கிய காமாய்ஷி நகரில் சுமார் 3,000 பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழ எல்லோருமே தப்பியதற்கு இந்தப் பயிற்சியே முக்கியக் காரணம். அம்மா வேறு வழியில் தப்பியிருப்பாள் என்று பிள்ளைக்குத் தெரியும், பிள்ளை ஓடியிருக்கும் என்று அம்மாவுக்குத் தெரியும். அந்த உறுதி முன்பே பேசி வைத்ததால் வந்தது. தங்கவயல் வீடுகளிலும் அப்படிப் பேசி வைக்கலாம். பள்ளிக்கூடத்தில் இருக்கும் பிள்ளை அங்கேயே ஆசிரியரோடு இருக்கும், தாத்தாவைப் பக்கத்து வீட்டார் இன்ன மைதானத்துக்குக் கொண்டு போவார்கள், பெங்களூரில் இருப்பவர் வெளியூரில் உள்ள ஓர் உறவினரை மட்டும் அழைத்து விவரம் கேட்பார். ஆம்பூரிலோ குடியாத்தத்திலோ உள்ள சித்தி ஒருவரின் எண்ணை எல்லோரும் மனப்பாடம் செய்திருந்தால், உள்ளூர் கோபுரங்கள் நெரிசலில் திணறும்போதும் குடும்பத்துக்கு ஒரு செய்தி நிலையம் இருக்கும்.

ரயிலே நின்றுபோனாலும் அது தங்கவயலுக்கு அவசரநிலைதான். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்து பயணிகள் ரயில் நாடெங்கும் நிறுத்தப்பட்டபோது இங்கே கூரை எதுவும் இடிந்து விழவில்லை, ஆனால் அன்றாடம் கூலி வாங்கும் வீடுகளில் வரும்படி ஒரே நாளில் நின்றது. வீட்டை விட்டு ஓடுவதற்கான ஆயத்தமும், வீட்டிலேயே அடைந்து கிடப்பதற்கான ஆயத்தமும் பெரும்பாலும் ஒன்றே என்பதை அந்த மாதங்கள் காட்டின. பதினைந்து நாளைக்கான மாத்திரை கையில் இருந்தவர்கள் எப்படித் தாக்குப் பிடித்தார்கள், இல்லாதவர்கள் எப்படி அலைந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

ஓடுவதா, உள்ளே இருப்பதா என்பதையும் ஆபத்தின் வகையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 1984 டிசம்பரில் போபாலில் நச்சுக் காற்று கசிந்த இரவில் மக்களுக்கு இந்த முடிவைச் சொல்ல யாரும் இல்லை. காற்று வீசிய திசையிலேயே மூச்சிரைக்க ஓடியவர்கள் கூடுதல் நச்சை உள்ளிழுத்தார்கள். ஈரத் துணியை முகத்தில் கட்டிக்கொள்ளலாம் என்ற சிறு செய்திகூட அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. 2020 மே 7 விடியற்காலையில் விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் கசிந்தபோதும் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடியவர்கள் வழியிலேயே மயங்கி விழுந்தார்கள். சயனைடு மேட்டுத் தூசி அப்படி ஒரு நிமிடத்தில் ஆளைக் கொல்வதில்லை, அதனால் அதற்கு ஓடவும் வேண்டாம். பலத்த காற்று வீசும் நாளில் கதவு ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் ஈரத் துணி செருகி, மூச்சு நோயாளியை உள்ளறையில் வைப்பதே சரி. அதிர்வு வேறு மாதிரி. ஷீட் போட்ட கூரையும் பழைய மண் சுவரும் உள்ள வீட்டில், குலுங்கி முடிந்ததும் வெளியே வந்துவிட வேண்டும். சுவரில் புது விரிசல் இருந்தால் மழைக்கு ஒதுங்கக்கூட உள்ளே போகக் கூடாது. தீ என்றால் ஒரு விநாடியும் தாமதிக்க முடியாது. லைன் வீட்டை அருகில் போய்ப் பார்த்தால் இதன் தீவிரம் புரியும். பல வீடுகளுக்கு ஒரே வாசல். இட நெருக்கடியில் அடுப்பும் சிலிண்டரும் அந்த வாசலுக்குப் பக்கத்திலேயே வந்து அமர்ந்திருக்கும். அடுப்பில் தீப்பற்றினால் வெளியேறும் ஒரே வழியில்தான் முதலில் பற்றும். நான்கடி தள்ளி உள்சுவரோரம் அடுப்பை மாற்றுவதும், ரெகுலேட்டரை மூட வீட்டிலுள்ள பத்து வயதுப் பிள்ளை வரைக்கும் சொல்லிக் கொடுப்பதும், கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே டிரங்குப் பெட்டியோ சைக்கிளோ நிற்காமல் பார்த்துக்கொள்வதும் காசு செலவில்லாத வேலைகள். எந்தப் பையையும் விட இவற்றுக்கு நான் முன்னிடம் கொடுப்பேன்.

பைக்குள் போக வேண்டியவற்றில் விலை மதிக்க முடியாதவை காகிதங்கள். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழர் வாழ்வில் திடீர் வெளியேற்றம் என்பது பலமுறை நடந்த ஒன்று, ஒவ்வொரு முறையும் உயிர் பிழைத்தவர்களைப் பிறகு அலைக்கழித்தது காகிதம். 1990 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். நகையும் பணமும் பொருளும் பறிக்கப்பட்டு, கட்டிய துணியோடு புத்தளம் பக்கம் போனவர்கள் அவர்கள். சரியாக ஐந்தாண்டு கழித்து, 1995 அக்டோபர் 30 இரவில், இலங்கை இராணுவம் நெருங்க யாழ்ப்பாணத்து வலிகாமம் மக்கள் லட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலம் வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தார்கள். இரு சாராரும் பிறகு திரும்பியபோது காணி உறுதியை, அதாவது நிலப் பத்திரத்தை, காட்டச் சொல்லும் அலுவலகங்கள் அங்கே காத்திருந்தன. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது பெங்களூர், மைசூர் பகுதிகளிலிருந்து தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் உயிர் தப்பி எல்லை தாண்டியதை இந்த மாநிலத்திலேயே பார்த்தோம். 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்ததும் சென்னையில் இழந்த சான்றிதழ்களுக்கு மாற்று வழங்க அரசு தனி முகாம்களே நடத்த வேண்டியிருந்தது. இயற்கை செய்தாலும் மனிதர் செய்தாலும், "நீ இன்னார் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்பதுதான் அடுத்த நாள் கேட்கப்படும் முதல் கேள்வி.

தங்கவயலில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகும். இங்கே ஒரு வீட்டின் டிரங்குப் பெட்டியில் பாலித்தீன் உறைக்குள் மடித்து வைத்திருக்கும் தாள்களைப் பாருங்கள்: பி.ஜி.எம்.எல். பணிச் சான்று, மூடியபோது கொடுத்த இறுதித் தொகையின் கணக்குத் தாள், வீட்டு ஒதுக்கீட்டுக் கடிதம், வாடகை அல்லது தவணை கட்டிய ரசீதுகள், வருங்கால வைப்பு நிதி ஓய்வூதிய ஆணை, ஆஸ்பத்திரிச் சீட்டு, ரேஷன் கார்டு, ஆதார், சாதிச் சான்றிதழ். ஒவ்வொன்றும் ஓர் உரிமையின் கடைசி நூல். ரேஷன் கார்டும் ஆதாரும் தொலைந்தால் அரசு வேறு கொடுக்கும். கம்பெனித் தாளை வேறு யார் கொடுப்பார்? கொடுத்த சுரங்கமே மூடி இருபது ஆண்டுக்கு மேலாகிறது. வீடு யார் பெயரில் என்ற வழக்கு இன்றைக்கும் முழுதாகத் தீராத ஊரில் அந்த ஒதுக்கீட்டுக் கடிதமும் ரசீதும் போனால், இடிந்த வீட்டுக்கு இழப்பீடு கேட்கப் போகிறவர் ஆக்கிரமிப்பாளராக நடத்தப்படும் அபாயம் இருக்கிறது. தாத்தாவின் பணிச் சான்றுக்கு இன்னொரு பயனும் உண்டு. பட்டியல் சாதி ஆணை வந்த 1950-க்கு முன்பே குடும்பம் மைசூர் மண்ணில் குடியிருந்தது என்று காட்ட முடிந்தால்தான், வேறு மாநிலத்திலிருந்து பின்னாளில் வந்தவர் என்ற கேள்வியில்லாமல் பேரப்பிள்ளைகளுக்குக் கர்நாடகத்தில் சாதிச் சான்று கிடைக்கும். பழுப்பேறிய ஒரு கம்பெனிச் சீட்டு பேத்தியின் கல்லூரி இடத்தைத் தாங்கி நிற்கிறது. கரையானும் எலியும் மழைச் சாரலும் அதைத் தின்னும் முன்பே காக்க வேண்டும். தீயும் இடிபாடும் வந்த பிறகு காக்க முடியாது.

"எல்லாம்தான் போனில் இருக்கிறதே" என்று இளையவர்கள் சொல்வார்கள். போனில் படம் எடுத்து வைப்பது நல்லது. டிஜிலாக்கரில் ஏற்றுவது அதைவிட நல்லது, அரசு நேரடியாக வழங்கும் ஆவணங்கள் அங்கே சட்டப்படி மூலத்துக்குச் சமம். ஆனால் மூடிப்போன கம்பெனியின் தாளை எந்தத் துறையும் டிஜிலாக்கரில் வழங்கப் போவதில்லை. நாமே ஏற்றும் ஸ்கேன் வெறும் நகல்தான். அதனால் மூலத்தைக் கனமான ஜிப் உறையில் போட்டு ஒரே இடத்தில், கை எட்டும் உயரத்தில் வைக்க வேண்டும். அத்தாட்சி பெற்ற ஒரு தொகுப்பு வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் இருக்க வேண்டும். முன்பு சொன்ன அந்தச் சித்தி வீடே போதும். கூடவே வீட்டின் சுவர்களையும் படம் எடுத்து வையுங்கள். 2023 ஜனவரியில் உத்தராகண்டின் ஜோஷிமட்டில் 800-க்கும் மேற்பட்ட வீடுகளில் விரிசல் கண்டு குடும்பங்கள் விடுதிகளுக்கும் வாடகை வீடுகளுக்கும் மாற்றப்பட்டபோது, எந்த வீடு எந்த அளவு சேதமடைந்தது என்ற கணக்கெடுப்பில்தான் அவர்கள் உதவித் தொகை தொங்கியது. சுவர் விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி, ஒரு ஸ்கேலை அருகில் வைத்துப் படம் எடுத்தால், அடுத்த மாதம் அது வளர்ந்ததா என்று உங்களுக்கே தெரியும். வளர்ந்தால் வெளியேற வேண்டும் என்பதற்கு எச்சரிக்கையும் அதுவே, இழப்பீட்டுக்குச் சான்றும் அதுவே.

இனி மறுப்புகள். சுரங்கம் மூடி இத்தனை ஆண்டாயிற்று, பெரிதாக என்ன நடந்துவிட்டது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். நடக்காமலே போகலாம், அப்படிப் போக வேண்டும் என்பதே எல்லோர் விருப்பமும். ஆனால் நான் சொன்னவற்றில் அதிர்வு ஒன்றுக்காக மட்டும் செய்ய வேண்டியது எதுவுமில்லை. அடுப்பை நகர்த்துவது அன்றாடத் தீ விபத்துக்கும், ஆள் பட்டியல் நள்ளிரவு மாரடைப்புக்கும், காகித உறை நாளைய ஓய்வூதிய விசாரணைக்கும் உதவும். பெரிய ஆபத்து வராவிட்டாலும் வீணாகாத ஆயத்தத்தையே ஏழை வீட்டுக்குச் சொல்ல வேண்டும். மாதக் கடைசியில் அரிசிக்கே தடுமாறும் வீட்டில் எதைச் சேமித்து வைப்பது என்பது இதைவிடக் கனமான மறுப்பு. மூன்று நாள் உணவைத் தனியாகக் கட்டி வைக்கச் சொல்வது அந்த வீட்டைக் கேலி செய்வதுதான். ஆனால் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத தங்கவயல் வீடுகள் டிரம்மிலும் குடத்திலும் பல நாள் தண்ணீரைப் பிடித்து வைக்கும் பழக்கத்தை ஏற்கெனவே கைவரப் பெற்றவை. அந்த ஒழுங்கையே சிறிது நீட்டினால் போதும்: மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே வாங்குவது, அவலும் பொட்டுக்கடலையும் தீரும் முன் அடுத்ததை வாங்கிப் பழையதை முதலில் தின்பது, பெண்களின் மாதவிடாய்த் துணியோ நாப்கினோ ஒரு கட்டு பையிலேயே இருப்பது. தனி வீட்டால் முடியாததை லைன் செய்யலாம். மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருக்கும் தெருக்களில் பெரிய டார்ச் ஒன்று, முதலுதவிப் பெட்டி, தூக்குக் கட்டில் ஆகியவற்றைக் குழுவின் பொதுச் சொத்தாக வாங்கி வைப்பது எட்டாத செலவில்லை.

அரசு செய்ய வேண்டியதை மக்கள் தலையில் கட்டுகிறீர்கள் என்ற மறுப்பை நான் மிகவும் மதிக்கிறேன். தங்கத்தை எடுத்துக்கொண்டு பள்ளத்தை விட்டுவிட்டுப் போனவர்களின் பொறுப்பை, பள்ளத்தின் மேல் குடியிருப்பவர் ஏன் சுமக்க வேண்டும்? சுமக்க வேண்டியதில்லை. 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்டத்துக்கு ஒரு திட்டம் வைத்திருக்கும் கடமையை மாவட்ட ஆணையத்தின் மேல் சுமத்துகிறது. பாதிக்கப்பட்டோருக்குத் தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவம் ஆகியவற்றின் குறைந்தபட்ச அளவை வகுக்கச் சொல்கிறது. ஆனால் கோரிக்கை வைப்பவரின் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தே அதிகாரி காது கொடுப்பார். "எங்கள் லைனில் நாற்பது வீடு, பகலில் பதினோரு பேர் நடக்க முடியாதவர், நான்கு பேர் ஆக்சிஜனில், எங்களை எங்கே கொண்டு போவீர்கள், எந்த வண்டியில்?" என்று எழுதிக் கொடுத்தால் அதைப் பொதுவான பதிலால் ஒதுக்க முடியாது. எச்சரிக்கை எந்த மொழியில் வரும் என்பதையும் அதே மனுவில் கேட்க வேண்டும். மூத்தோரில் பலர் தமிழ் மட்டுமே படிப்பவர்கள், சிலர் எதையும் படிக்காதவர்கள். கன்னடத்தில் வரும் குறுஞ்செய்தி அவர்கள் போனில் ஒலியெழுப்பி அடங்கிவிடும். பழைய சங்கு எந்த மொழியும் தெரியாதவருக்கும் புரிந்தது. கோயில், மாதா கோயில், மசூதி ஒலிபெருக்கிகளை மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணோடு இணைத்து, எந்த ஒலிக்கு என்ன பொருள் என்று ஊரோடு பேசி முடிவு செய்வது நிர்வாகத்துக்குப் பெரிய காரியமில்லை.

இதைக் கேட்க இப்போது ஒரு வாய்ப்பும் வந்திருக்கிறது. பி.ஜி.எம்.எல். வசமுள்ள 13 மண் மேடுகளில், 1,003 ஏக்கர் பரப்பில், எஞ்சிய பொன்னைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. வேலை வரும் என்ற நம்பிக்கை ஊரில் இருக்கிறது. அந்த நம்பிக்கை பொய்க்கக் கூடாது என்றே நானும் விரும்புகிறேன். ஆனால் இருபதாண்டு படிந்து இறுகிய மேட்டைக் கலைத்தால் தூசி மறுபடி கிளம்பும், லாரி ஓடும், ரசாயனம் வந்திறங்கும். 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி தயாரிக்கப்படும் தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் ஆபத்து மதிப்பீடும் பேரிடர் மேலாண்மைத் திட்டமும் இடம்பெற வேண்டும். பெரிய சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுவாக மக்கள் கருத்துக் கேட்பும் உண்டு. மேட்டை ஒட்டிய ஒவ்வொரு லைனும் தன் ஆள் பட்டியலையும் விரிசல் படங்களையும் எடுத்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குப் போக வேண்டும். காற்று எந்த வேகத்தைத் தாண்டினால் வேலையை நிறுத்துவீர்கள், நிறுத்தியதை எங்களுக்கு யார் சொல்வார், இரவில் ரசாயனம் கசிந்தால் சங்கு ஊதுமா, மூச்சு நோயாளிகளை ஏற்றிச் செல்ல ஆம்புலன்ஸ் எத்தனை, அவை எங்கே நிற்கும், தற்காலிகமாக வீட்டை விட்டு வெளியேறுபவரின் குடியிருப்பு உரிமைக்கு எழுத்தில் என்ன உத்தரவாதம் என்று கேட்க வேண்டும். பதில்களை நிகழ்ச்சிக் குறிப்பில் பதியச் செய்து, அதன் நகல் ஒன்றை ஒதுக்கீட்டுக் கடிதம் இருக்கும் அதே உறையில் போட்டு வைக்க வேண்டும்.